கம்பளி ஆடு வளர்ப்பு: வாங்குவதிலும் விற்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய பண்ணையில் கம்பளிக்காகச் செம்மறி வளர்க்க வருபவர்களில் பலர் முதலில் ஆட்டை வாங்கிவிடுகிறார்கள், யாரிடம் எதை விற்பது என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான். மெரினோ என்ற செம்மறி இனத்தின் இழை பெரும்பாலும் 17 முதல் 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிமனாக இருக்கும், அதை உடம்போடு ஒட்டி உடுத்தலாம். லிங்கன் போன்ற நீள ரோம ஆடுகளுக்கு இழை 34 மைக்ரானையும் தாண்டும், அது விரிப்பு போன்றவற்றுக்குத்தான் சரி. முரட்டு ரோமத்தை மொத்தமாகப் போட்டால் கத்தரிக்கிற கூலிகூடத் திரும்பாமல் போகலாம். அதனால் கையால் நூற்பவர்களுக்கு விற்கப் போகிறீர்களா, இனவிருத்திக்குக் குட்டி விற்கப் போகிறீர்களா, இறைச்சிதான் முக்கிய வருமானமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், இனம் அதன் பிறகு.

அடுத்தது கிடா. பட்டியில் பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் பாதி அதனிடமிருந்துதான் வருகிறது, ஆனாலும் பணத்தை மிச்சம் பிடிப்பது அங்கேதான். பார்க்க கம்பீரமாக இருந்தால் மட்டும் போதாது. தோள்பட்டையில் ரோமத்தை விரித்துப் பாருங்கள், விலாவில் பாருங்கள், பின்தொடையிலும் பாருங்கள். தோளில் மென்மையாக இருந்து தொடையில் முடி முடியாக முரடாகிவிட்டால் குட்டிகளிலும் அது தலைகாட்டும். விதைகள் இரண்டும் ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். விந்தணு உருவாக ஏழு வாரம் போல ஆகிறது என்பதால் காய்ச்சலிலோ கடும் வெயிலிலோ அடிபட்ட கிடா அதன்பின் இரண்டு மாதம் வரைகூடச் சினை பிடிக்க வைக்காமல் போகலாம், ஆகவே சேர்ப்பதற்கு முந்தின நாள் போய்க் கிடா தேடாதீர்கள். இரண்டு வருடத்தில் கிடாவை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் மகள்களையே சேரும்.

வருடம் முழுக்கக் கிடாவைப் பட்டியிலேயே விட்டுவைப்பதும் தவறு. பெட்டை 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். 35 நாள் சேர்த்துவிட்டுப் பிரித்துவிட்டால் குட்டிகள் ஒரே கொத்தாக, தேதி தெரிந்து பிறக்கும். கிடாவின் நெஞ்சில், கழுவினால் போய்விடும் வண்ணத்தைத் தடவுங்கள், 17 நாள் கழித்து வேறு வண்ணம். ஒரு பெட்டையின் முதுகில் இரண்டாவது வண்ணமும் விழுந்தால் அது முதல் முறை சினை பிடிக்கவில்லை. பெரும்பாலானவற்றின் மேல் விழுந்தால் கிடாவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தீவனத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: மாட்டுக்கோ கோழிக்கோ தயாரித்த தாது உப்பையும் தீவனத்தையும் செம்மறிக்குப் போடுவது. அதிலுள்ள தாமிரம் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போய், ஆடு நன்றாக இருப்பது போலவே தெரிந்து, ஒரு நாள் மஞ்சள் காமாலையும் கறுத்த சிறுநீருமாகச் சரிந்துவிடும். இதைத் தெரிந்தும் அலட்சியம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குடற்புழு மருந்தையும் நாள் குறித்து எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதீர்கள், புழு மருந்துக்குப் பழகிவிடும். இரத்தம் உறிஞ்சுகிற புழு தொல்லை உள்ள இடத்தில் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அந்த ஆட்டை விடலாம், வெளுத்திருந்தால் மருந்து தேவை.

சினையின் கடைசி ஆறு வாரத்தில் தீவனத்தைக் குறைத்தால் குட்டி மட்டுமல்ல, ரோமமும் கெடும். ஒரு கற்றையை இரு முனையிலும் பிடித்துக் காதருகே வைத்துச் சுண்டி இழுங்கள். நல்ல ரோமம் 'டங்' என்று அதிரும். ஆடு பட்டினி கிடந்த காலத்திலோ காய்ச்சல் கண்ட காலத்திலோ வளர்ந்த இடம் மெலிந்து, சடசடவென்று நடுவில் அறுந்துவிடும். நூற்பவர்கள் இதைத்தான் முதலில் சோதிப்பார்கள்.

ஈரமாக இருக்கும்போது கத்தரிக்காதீர்கள், ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தியை ஓட்டினால் வருகிற துண்டு ரோமம் நூலில் முடிச்சாக நிற்கும். வைக்கோலை ஆட்டின் தலைக்கு மேலே வீசுவதால் கழுத்து ரோமம் முழுக்க தூசும் விதையும்தான். சாணம் ஒட்டியதையும் வயிற்று ரோமத்தையும் தனியே பிரித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். பிளாஸ்டிக் சரடு ஓர் இழை கலந்தால்கூடச் சாயம் ஏறாமல் துணியில் காட்டிக்கொடுக்கும்.

விற்கும்போது நிறைய பேர் விடும் தவறு, வாங்க வருபவரை நேராகப் பட்டிக்குள் விடுவது. அவர் நல்லதைத்தான் கை காட்டுவார். உங்களுக்கு வேண்டிய பெட்டைக் குட்டிகளை முன்னாடியே ஒதுக்கிவையுங்கள். மடி கெட்டது, குட்டியை ஏற்காதது, கருப்பை வெளித்தள்ளியது, இவற்றை இனவிருத்திக்கு என்று சொல்லி விற்காதீர்கள். தாய், கிடா, பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, போட்ட தடுப்பூசி, இவ்வளவும் எழுதிக் கொடுத்தால் வாங்குபவர் அடுத்த முறையும் உங்களிடமே வருவார். புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு ஆடு கேட்டால் கொடுக்க வேண்டாம், தனியாக விட்ட செம்மறி மிரண்டு, மேய்ச்சலே எடுக்காமல் மெலிந்துபோகும், இரண்டு மூன்றாகக் கொடுங்கள்.