சுண்டல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவராத்திரி தொடங்கிய இரண்டாம் நாளே கேள்வி வந்துவிடும்: "ராத்திரி முழுக்க ஊறவெச்சேன், எட்டு விசில் விட்டேன். பாதிக் கடலை கல்லு மாதிரி இருக்கு, பாதி குழைஞ்சு போச்சு. என்ன பண்றது?" புதிதாகச் சமைக்க வருபவர்கள் வருடம் தவறாமல் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உப்புக் கூடுவது, கடுகு கருகுவது எல்லாம் இரண்டு முறை செய்தால் கைக்குப் பிடிபட்டுவிடும். ஏன் என்று தெரியாமலே திரும்பத் திரும்ப நேர்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பழைய கடலையையும் புதுக் கடலையையும் ஒன்றாக ஊறவைப்பது

டப்பாவின் அடியில் போன வருடத்துக் கொண்டைக்கடலை ஒரு கை கிடக்கும். புதிதாக வாங்கியதை அதன் மேலேயே கொட்டிவிடுவார்கள். எத்தனை முறை சொன்னாலும் மாறாத பழக்கம் இது. மற்ற தவறுகளுக்கு ஏதாவது பரிகாரம் உண்டு. இப்படிக் கலந்த கடலையைச் சுண்டலாக மீட்க வழியே இல்லை.

காரணம் கடலையின் உள்ளே இருக்கிறது. அதன் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது வெந்நீரில் கரைந்து செல்கள் விலகுவதைத்தான் வேகுவது என்கிறோம். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் கடலையில் இந்தப் பெக்டின் எளிதில் கரையாததாக மாறிவிடும். நம் வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி அப்படிப்பட்ட இடம்தான். அந்தக் கடலை ஊறும், பருக்கவும் செய்யும். அதனால் பார்த்தால் தெரியாது. அடுப்பில்தான் குணம் தெரியும். புதுக் கடலை வெந்ததும் இறக்கினால் பழையது கடிபடாது. பழையதற்காகக் காத்திருந்தால் புதியது களியாகிவிடும்.

இப்படி ஆகிவிட்டால் மேலும் விசில் விடாதீர்கள். தண்ணீரை நன்றாக வடித்து, மொத்தத்தையும் கொரகொரப்பாக அரைத்து, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, உப்புடன் ஒரு கப்புக்கு 2 மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்துத் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டெடுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. புதிதாக வாங்கியதை வேறு டப்பாவில் போட்டு, வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையதைத் தனியாக ஊறவையுங்கள். ஒரு கப் கடலைக்கு கால் தேக்கரண்டியில் பாதி ஆப்பசோடாவை ஊறும் தண்ணீரில் கலந்து, மறுநாள் அதைக் கொட்டி, இரண்டு முறை அலசி, வேறு தண்ணீரில் வேகவையுங்கள். காரத்தன்மையில் பெக்டின் சீக்கிரம் கரையும். சோடா தேவைப்படுவது இந்த ஒரு இடத்தில்தான். நல்ல கடலைக்கும் "எதுக்கும் ஒரு சிட்டிகை" என்று போடுவது வீண்: தோல் கழன்றுவிடும், சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும்.

போர்த் தண்ணீரில் ஊறவைப்பது

போரில் உப்புத் தண்ணீர், அதாவது கடின நீர், வரும் வீடுகளில் புதுக் கடலைகூடச் சண்டித்தனம் செய்யும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கும் தண்ணீரையே எடுங்கள். ஒரு கப் கடலைக்கு நான்கு கப் தண்ணீர், 8 முதல் 10 மணி நேரம். கோடையில் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் நுரைத்துப் புளித்த வாடை வரும்.

உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பயப்பட வேண்டாம். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் உப்புப் போட்டால், தோலில் உள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்து, தோல் மென்மையாகும். உண்மையில் வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. புளி, தக்காளி, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் கடலை வெந்த பிறகுதான். மெரினா கடற்கரையின் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலிலும் பட்டாணி வெந்த பிறகே மாங்காய் சேரும்.

குக்கரை நிரப்புவது

பாதிக்கு மேல் வேண்டாம். நுரை பொங்கி ஆவிக்குழாயை அடைக்கும்.

விசிலை எண்ணுவது

குக்கருக்குக் குக்கர் விசில் மாறும், நிமிடம் மாறாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, வெள்ளைக் கடலைக்கு 15 நிமிடம், கறுப்புக் கடலைக்கு 20 நிமிடம் வைத்துப் பாருங்கள். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி வெளியேற்றினால் உள்ளே தண்ணீர் திடீரெனக் கொதித்துத் தோல் வெடிக்கும். திறந்ததும் ஒன்றை மட்டும் நசுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு எடுங்கள்.

பாசிப்பயறுக்கும் அதே கணக்கு

குழைந்துவிடும். திறந்த பாத்திரமே போதும்.

ராஜ்மாவை மெதுவான சூட்டில் வேகவைப்பது

இது உடம்புக்கே ஆபத்து. சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும். கொதிநிலைக்குக் கீழான சூட்டில் அது அழியாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். குக்கரில் முழுதாக வெந்தால் பயமில்லை. அரைவேக்காட்டில் ஒன்றைக்கூட ருசி பார்க்க வேண்டாம்.

ஈரத்தோடு தாளிப்பது

வடிதட்டில் 10 நிமிடம் விட்டு, கடலை மேல் நீர் மினுங்காதபோது தாளிப்பில் சேருங்கள். ஈரம் இருந்தால் பெருங்காயமும் மிளகாயும் கடலையில் ஒட்டாமல் அடியில் தங்கும். சுண்டலும் சீக்கிரம் ஊசிப்போகும். வடித்த நீரை ரசத்துக்கு வையுங்கள். தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்த பிறகு சேர்த்துக் கிளறுங்கள். காலையில் கட்டி மாலையில் சாப்பிடுவதானால் தேங்காயே வேண்டாம். வறுத்த மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றலைப் பொடித்துத் தூவிக்கொள்ளுங்கள்.