தாய் சி கத்துக்கப் போறீங்களா, மாஸ்டரோட மாஸ்டர் யாருன்னு முதல்ல கேளுங்க

நம்ம வேலூர்ல காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பேனர் தொங்கிட்டு இருக்கும், கராத்தே, குங்ஃபூ, சிலம்பம், யோகா எல்லாம் பெருசா போட்டு கடைசி வரில சின்னதா தாய் சின்னு ஒண்ணு, மெதுவா அசைஞ்சு பண்ற சைனா தற்காப்புக் கலை. மூட்டுக்கு நல்லதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, வீட்ல பெரியவங்களுக்கு சேத்துவிடலாமான்னு தோணும், இல்ல நமக்கே வயசு நாப்பது தாண்டியிருக்கும். தாராளமா சேருங்க. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டே ஆகணும், "மாஸ்டர், நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, அவரு யார்கிட்ட கத்துக்கிட்டாரு?" நம்மூர் சிலம்ப வாத்தியார்கிட்ட இதைக் கேட்டா கோவமே பட மாட்டாரு, எங்க வஸ்தாது, அதாவது ஆசான், இன்னாரு, அவருக்கு வஸ்தாது இன்னாருன்னு ஆரம்பிச்சா டீ ஆறிப்போற வரைக்கும் சொல்லுவாரு. சைனாக்காரங்க வித்தையும் அதே மாதிரிதான், யாரோட சிஷ்யன்னு சொல்ல முடியலன்னா அங்க மதிப்பு கிடையாது.

எப்படி சரிபாக்கறதுன்னு ஒரு பரம்பரையை வெச்சே சொல்றேன். ஹெனான் மாகாணத்துல சென் கிராமம், அங்க சென் சாங்ஷிங்னு ஒரு ஆசான், அவர்கிட்ட கத்துக்கிட்டு பெய்ஜிங் போய் பேர் வாங்கினவரு யாங் லூசான், 1872ல செத்துப்போனாரு. அவரோட பேரன் யாங் செங்ஃபூ, காலம் 1883ல இருந்து 1936. இவரோட சிஷ்யன்தான் செங் மான்சிங், 1902ல பொறந்தவரு, ஓவியர், கவிஞர், வைத்தியர் எல்லாம் அவரே, வாலிப வயசுல டிபி வந்து தாய் சி பண்ணித்தான் உடம்பு தேறுச்சுன்னு அவரே சொல்லுவாராம். 1949ல தைவான் போனாரு, 1964ல நியூயார்க் போய் அங்க முடி வளர்த்த ஹிப்பி பசங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாரு, 1975ல தைவான்ல காலமானாரு. அவர்கிட்ட கத்துக்கிட்ட ஹுவாங் ஷெங் ஷியான் சிங்கப்பூர், மலேசியான்னு போய் பெரிய கூட்டத்தையே உருவாக்கினாரு. நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க இல்ல, அதனால உங்க மாஸ்டர் "மலேசியால கத்துக்கிட்டேன்"னு சொன்னா நம்பாம இருக்க வேணாம், அப்போ ஹுவாங் வழியா வேற வழியான்னு அடுத்த கேள்வியைப் போடுங்க. பேர் தெரிஞ்சவரு டக்குனு சொல்லிடுவாரு, தெரியாதவரு சுவத்துல மாட்டியிருக்கற சர்டிபிகேட்டைக் காட்டுவாரு.

பேரைச் சொல்லிட்டா மட்டும் போதுமான்னா போதாது, பேரை யார் வேணா சொல்லலாம், ஃபார்ம் பொய் சொல்லாது, ஃபார்ம்னா வரிசையா கோர்த்துப் பண்ற ஆக்ஷன் தொகுப்பு. முதல்ல எத்தனை ஆக்ஷன்னு கேளுங்க. 24னு சொன்னா அது 1956ல சைனா கவர்மெண்ட் விளையாட்டுத் துறை எல்லாரும் சுலபமா கத்துக்கணும்னு யாங் ஸ்டைலை, அதாவது மேல சொன்ன யாங் குடும்பத்து முறையை, சுருக்கிப் போட்டது, அதுக்கு குரு பரம்பரை பெருசா தேட வேணாம், நல்ல ஃபார்ம்தான், கத்துக்கலாம், ஆனா அதைப் பண்ணிக்கிட்டே "எங்களுது ஆயிரம் வருஷ ரகசியம்"னு சொன்னா சிரிச்சிட்டு வந்துடுங்க. 37னு சொன்னா பெரும்பாலும் செங் மான்சிங் வழி, அவருதான் நீளமான ஃபார்ம்ல திரும்பத் திரும்ப வர்றதை எல்லாம் வெட்டி 37 ஆக்கினாரு, பண்ணி முடிக்க பத்து நிமிஷத்துக்குள்ளதான் ஆகும். 85, 103, 108னு சொன்னா பழைய நீள ஃபார்ம், எண்ணற விதத்துலதான் வித்தியாசம், சரக்கு ஒண்ணுதான்.

அடுத்து மணிக்கட்டைப் பாருங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். குருவி வாலைப் பிடிக்கறதுன்னு பேர் வெச்ச ஆக்ஷன் ஒண்ணு இருக்கு, அதோட கடைசில ரெண்டு கையாலயும் முன்னாடி தள்ளுவாங்க. யாங் செங்ஃபூ வழில வந்தவங்க மணிக்கட்டை லேசா மடக்கி உள்ளங்கையை முன்னாடி காட்டுவாங்க. செங் மான்சிங் வழில கையோட பின்பக்கமும் முன்கையும் மடங்காம ஒரே நேர்கோடா, விரல் விறைக்காம தளர்ந்து இருக்கும், அழகியின் கைன்னு அதுக்குப் பேர் வெச்சிருக்காங்க. 37 ஃபார்ம்னு சொல்லிட்டு மணிக்கட்டு மடங்கி நின்னா அவரு யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டவரா இருக்க வாய்ப்பு நிறைய. செங் மான்சிங்கே பண்ற பழைய படச்சுருளும் அதே யூடியூப்ல கிடைக்குது, ஒரு தடவை பாத்துட்டுப் போனீங்கன்னா வித்தியாசம் கண்ணுக்குத் தானா தெரியும். இன்னொண்ணு, யாங் வழிக்காரங்கள்ல பல பேர் இந்த 37ஐ யாங் ஸ்டைல்னே ஒத்துக்க மாட்டாங்க, அந்தச் சண்டைல நாம தலையிட வேணாம்.

காஞ்சிபுரம் பக்கத்துலயே இருக்கறதால போதிதர்மர் கதை இங்க கண்டிப்பா வரும், "எல்லாம் நம்ம ஆளு கொண்டு போனதுதான்"னு மாஸ்டர் நெஞ்சை நிமித்துவாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா போதிதர்மர் எழுதினதா சொல்ற தசைநாண் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டு சரக்குன்னு சைனா வரலாற்று ஆய்வாளர் டாங் ஹாவே போன நூற்றாண்டுலயே காட்டிட்டாரு. அந்தக் கதையை வெச்சு ஒருத்தரோட வித்தையை எடை போடாதீங்க, மறுக்கவும் நிக்காதீங்க, டைம் வேஸ்ட்.

பெல்ட் டெஸ்ட் இருக்கான்னும் கேளுங்க. கலர் பெல்ட் ஜப்பான் ஜூடோல இருந்து வந்த பழக்கம், பழைய சைனா முறைல குருவுக்கு டீ கொடுத்து கும்பிட்டு சிஷ்யனா சேர்றதுதான் உண்டு. தாய் சில மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபீஸ்னா அது வியாபாரம்.

ட்ரையல் கிளாஸ்ல ஒண்ணே ஒண்ணு கவனிங்க, கால். காலைத் தூக்கறதுக்கு முன்னாடி உடம்பு எடை முழுசா அடுத்த காலுக்குப் போகணும், தூக்கற கால் காலியா இருக்கணும், முட்டி எப்பவும் பாதம் பாக்கற திசையிலேயே மடங்கணும், உள்பக்கமா சாயக் கூடாது, விரலைத் தாண்டி முன்னாடி போகக் கூடாது. மாஸ்டர் இதைத் திருத்தாம கையை மட்டும் திருத்திக்கிட்டு இருந்தா மூட்டு வலிக்காக வந்தவங்களுக்கு வலி கூடத்தான் போகும். ஏற்கனவே முட்டி ஆபரேஷன் பண்ணவங்க, பிபி மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.

வீட்ல பிராக்டிஸ் பண்ண மொட்டை மாடி போதும், இல்ல காலைல கோட்டைப் பக்கம் வாக்கிங் வர்ற கூட்டத்துல ஒரு ஓரமா நின்னு பண்ணலாம், ரெண்டு நாள் வேடிக்கை பாப்பாங்க அப்புறம் விட்டுடுவாங்க. நம்மூர் வெயிலுக்கு ஏழு மணிக்குள்ள முடிச்சிடணும், அக்னி நட்சத்திரத்துல ஆறுக்கே ஆரம்பிங்க. முதல் மாசம் முழுக்க ஆரம்ப ஆக்ஷனும் குருவி வாலும் மட்டும் வந்தா போதும், 37ம் ஒரே மாசத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்றவர்கிட்ட ஆறு மாச ஃபீஸை மொத்தமா கட்டாதீங்க, மாசாமாசம் கட்டறேன்னு சொல்லிடுங்க.