குர்குமின் கீமோ எதிர்ப்பை உடைத்துவிட்டது என்று எழுதுவதற்கு முன்

கீமோ மருந்துக்கு அடங்காத புற்றுநோய்ச் செல்களைத் தாவரப் பொருளால் அடக்கப் பார்க்கும் புதியவர்கள் பெரும்பாலும் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினில்தான் தொடங்குகிறார்கள். விலை குறைவு, எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதோ ஒரு முடிவைத் தரும். ஆபத்தே அந்த இரண்டாவது குணத்தில்தான். குர்குமினைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரோடமைனை அளப்பதாக நினைத்துக் குர்குமினை அளப்பது

1976-இல் ஜூலியானோவும் லிங்கும் விவரித்த பி-கிளைக்கோபுரோட்டீன், மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்ப். ரோடமைன் 123 சாயத்தையும் அது தள்ளிவிடும். பம்பைத் தடுத்தால் சாயம் உள்ளேயே தங்கி, செல் பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு செல்லின் ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் 488 நானோமீட்டர் லேசரால் தூண்டி, 530-ஐ ஒட்டி ஒளியைப் பிடிக்கிறது.

குர்குமினும் அதே இடத்தில்தான் ஒளிரும். அதன் உச்ச உறிஞ்சல் 425-ஐ ஒட்டி இருந்தாலும் வால் 488 வரை நீள்கிறது. தண்ணீரில் மங்கல்தான், ஆனால் செல் சவ்வின் கொழுப்புக்குள் போனதும் பளிச்சென்று ஒளிரும். எனவே ரோடமைனே இல்லாவிட்டாலும் வரைபடம் வலப்பக்கம் நகரும். 5, 10, 20 மைக்ரோமோலார் என்று ஏற்ற ஏற்ற ஒளியும் படிப்படியாக ஏறும். அந்த அழகான படிக்கட்டைப் பார்த்ததும் ஆள் மயங்கிவிடுகிறார். அடுத்து குர்குமின் பம்பில் எப்படிப் பொருந்துகிறது என்று கணினியில் பார்க்கும் டாக்கிங், அதற்கடுத்து சுண்டெலிச் சோதனை. எல்லாம் முடிந்து கட்டுரை அனுப்பிய பிறகு, குர்குமின் மட்டும் போட்ட குழாய் எங்கே என்று மதிப்பாய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இத்தனை முறை சொல்லியும் அந்தக் குழாயை விடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

தேவையான குழாய்கள்: வெறும் செல், ரோடமைன் மட்டும், குர்குமின் மட்டும், இரண்டும் சேர்ந்தது, பம்பைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த வெராபமிலோடு ரோடமைன். இதே வரிசை எதிர்ப்பு இல்லாத தாய்ச் செல்லிலும் வேண்டும். பம்ப் இல்லாத தாய்ச் செல்லிலும் ஒளி அதே அளவு கூடினால், கூடியதற்குப் பம்பைத் தடுத்தது காரணமல்ல. குர்குமின் ஒளியைக் கழித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு சாயங்களும் ஒன்றின் ஒளியை ஒன்று குறைக்கவும் கூடும். கால்செயின் என்ற வேறு சாயத்துக்கு மாறினாலும் தப்ப முடியாது, அதுவும் பச்சைதான். செல்லுக்குள் தங்கிய பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை, ஒளியை நம்பாமல் மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் எல்சி-எம்எஸ் கருவியில் அளப்பதே நம்பத்தக்க வழி. குர்குமின் பம்பைத் தடுக்கவே தடுக்காது என்று சொல்லவில்லை. தடுக்கிறதா இல்லையா என்று இந்தச் சோதனை மட்டும் சொல்லாது.

கொல்லும் அளவைப் போட்டுவிட்டு எதிர்ப்பு உடைந்தது என்பது

தாவரப் பொருளைத் தனியாகப் போட்டு, 90 சதவீதச் செல்லாவது பிழைக்கும் அளவை முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த அளவோடும் இல்லாமலும் டோக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் வளைகோட்டைத் தாய்ச் செல், எதிர்ப்புச் செல் இரண்டிலும் போடுங்கள். எதிர்ப்புச் செல்லில் ஐசி50, அதாவது செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் மருந்து அளவு, 20-இலிருந்து 4-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். தாய்ச் செல்லிலும் 0.4-இலிருந்து 0.08-க்கு இறங்கியிருந்தால், முன்பும் 50 மடங்கு எதிர்ப்பு, இப்போதும் 50 மடங்கு. எதிர்ப்பு அசையவே இல்லை.

காலையில் கரைத்ததை மாலையில் போடுவது

சீரம் இல்லாத, பிஎச் 7.2 கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் குர்குமினில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். சீரம் இருந்தால் தாமதமாகும், நிற்காது. டிஎம்எஸ்ஓ-வில் வைத்திருந்து, போடும் நேரத்தில் மட்டும் நீர்க்கச் செய்யுங்கள்.

எம்டிடி

எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும், அதை வைத்துத்தான் பிழைத்த செல்லைக் கணக்கிடுகிறோம். ஆனால் குர்குமின் போன்ற பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமலும் எம்டிடியை ஊதாவாக்கும். செல் இல்லாத குழியிலும் போட்டுப் பாருங்கள்.

செல்லின் பெயரை நம்புவது

மார்பகப் புற்றுச் செல் என்று பல ஆண்டுகள் புழங்கிய எம்சிஎஃப்-7/ஏடிஆர், கடைசியில் ஓவ்கார்-8 என்ற சூலகப் புற்றிலிருந்து வந்தது என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் என்சிஐ/ஏடிஆர்-ரெஸ். டிஎன்ஏ-வை வைத்துச் செல்லை அடையாளம் காணும் எஸ்டிஆர் சோதனை செய்யாமல் தொடங்காதீர்கள்.

தாவரப் பொருள் எப்போதும் மருந்துக்குத் துணை என்பது

பச்சைத் தேயிலையில் உள்ள இஜிசிஜி என்ற பாலிஃபீனால், போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தின் போரானிக் அமிலப் பகுதியைப் பிடித்துக்கொண்டு மருந்தையே முடக்கும் என்று 2009-இல் காட்டினார்கள். மிளகின் பைப்பரின் பம்பையும், உடலில் மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியையும் சேர்த்துத் தடுக்கும். ஆய்வகத் தட்டில் எதிர்ப்பு குறைந்தது போலத் தெரிவது, நோயாளியின் உடலில் மருந்து அளவு ஏறி நச்சாகவும் முடியலாம். ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்ச அளவே 2 மைக்ரோமோலாருக்குக் கீழேதான் இருந்தது. 20 மைக்ரோமோலாரில் வந்த முடிவைக் காட்டி, கீமோ எடுப்பவரிடம் மஞ்சள் மாத்திரை வாங்கச் சொல்லாதீர்கள்.