சொந்தமாக எழுதிய நிரலில் உங்கள் பெயர் நிலைக்க: தொடக்கநிலையாளர்களுக்கு

கல்லூரி முடித்த வருடம், பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஜிப் கோப்பாக அனுப்பினேன். அடுத்த வருடம் ஒரு நிறுவனம் அதைத் தன் தயாரிப்பாக விற்றுக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். அவசரத்தில் நான் எழுத்துப்பிழையோடு வைத்த மாறியின் பெயர்கூட அப்படியே இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. நானும் அதை எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

படி 1: நிரல் யாருடையது?

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் சம்பள வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17ஆம் பிரிவின்படி நிறுவனத்துக்கே சொந்தம். வார இறுதியில் வீட்டில் எழுதுகிறவர்களும் தங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

ஃப்ரீலான்ஸாக எழுதித் தருகிறவர்களின் நிலை வேறு. பணம் வாங்கியதாலேயே உரிமை கைமாறாது. மாற்றுவதென்றால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். முழு உரிமையையும் விற்றுவிட்டாலும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்து, செயலியின் ‘பற்றி’ பக்கத்தில் பெயர் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 2: ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இரண்டு வரி

# பதிப்புரிமை 2025, உங்கள் முழுப்பெயர், மின்னஞ்சல்
# உரிமம்: எம்ஐடி. முழு வாசகம் லைசென்ஸ் கோப்பில்.

எம்ஐடி என்பது ஓர் உரிமத்தின் பெயர், அடுத்த படியில் சொல்கிறேன். இந்த வரிகளை முதன்மைக் கோப்பில் மட்டும் போட்டால் போதாது. எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கோப்பைத்தான் உருவி எடுப்பார்கள்.

படி 3: உரிமம்

உரிமம் என்பது பிறர் உங்கள் நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் எழுதித் தரும் அனுமதி. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்துவிட்டால் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. உரிமம் இல்லாத நிரலில் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. பிறர் தாராளமாகப் பயன்படுத்தட்டும், பெயர் மட்டும் இருக்கட்டும் என்றால் எம்ஐடி. மாற்றி வெளியிடுகிறவர்களும் மூல நிரலைத் தர வேண்டும் என்றால் ஜிபிஎல்.

இலவசமாகக் கொடுத்ததற்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டா? உண்டு. மாடல் ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற கட்டற்ற மென்பொருளின் கோப்புகளை அமெரிக்காவில் ஒரு வணிக நிறுவனம் எடுத்து, எழுதியவர்களின் பெயர்களையும் பதிப்புரிமை வரிகளையும் விட்டுவிட்டு விற்றது. அந்தத் திட்டத்தை நடத்திய இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன் வழக்குத் தொடுத்தார். பெயரைக் காட்ட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை, அதை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எனக்கு இன்றும் தெம்பு தரும் தீர்ப்பு இது.

படி 4: கிட் வரலாறு

கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள். அதன் அமைப்புகளில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் சரியா என்று பாருங்கள். அலுவலக மின்னஞ்சல் பதிந்த லேப்டாப்பில் சொந்தத் திட்டத்தை கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிந்தால்), வரலாறு முழுக்க அலுவலக முகவரிதான் நிற்கும். கமிட்டின் தேதியை யாராலும் மாற்ற முடியும். அதனால் அது மட்டுமே சான்றாகாது. அன்றன்றைக்கு கிட்ஹப் போன்ற வெளி சர்வருக்கும் புஷ் செய்துவிடுங்கள் (ஏற்றிவிடுங்கள்).

படி 5: பிறர் பெயர்

பிறர் பெயரைச் சொல்லாமல் நம் பெயரைக் கேட்க நமக்கு உரிமையில்லை. பயன்படுத்திய ஒவ்வொரு லைப்ரரிக்கும் (பிறர் எழுதிய தயார் நிரல் தொகுப்புக்கும்) பெயர், பதிப்பு, எழுதியவர், உரிமம் என்று தனிக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். எம்ஐடி, பிஎஸ்டி உரிமம் என்றால் அவர்களுடைய பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் உங்கள் நிரலோடு போக வேண்டும். அப்பாச்சி 2.0 உரிமம் என்றால், நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து, மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிப்பும் எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை மினிஃபை செய்யும்போது (கோப்பின் அளவைச் சுருக்கும்போது) தலைப்பு வரிகள் உதிர்ந்துவிடலாம். வெளியிடும் முன் இறுதிக் கோப்பைத் திறந்து பாருங்கள். பிழை திருத்தி உதவிய நண்பர் பெயரும் அங்கே இருக்கட்டும்.

படி 6: விற்கப்போகிறீர்களா? பதிவு செய்யுங்கள்

பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14, கட்டணம் 500 ரூபாய். 2021 திருத்தத்துக்குப் பிறகு மூல நிரலின் முதல் 10, கடைசி 10 பக்கங்களைத் தந்தால் போதும். ஆனால் எதையும் மறைக்கக் கூடாது. பிறர் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பு உண்டு.

படி 7: யாராவது எடுத்துவிட்டால்

கோபத்தில் பொதுவெளியில் எழுதிவிடாதீர்கள். முதலில் திரைப்பிடிப்பு, தேதி, பதிவிறக்கிய கோப்பின் நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு ‘இந்தக் கோப்பு என்னுடையது, இந்த வரி விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்’ என்று தன்மையாக ஒரு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் அது இருக்கும் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள். தளம் அதை முடக்கினாலும், இந்தியச் சட்டப்படி அந்தத் தடை 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம். எனவே கோரிக்கை அனுப்பும் அன்றே ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.