மருந்துக்கடைத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தாளுநர் டிப்ளமோவான டி.பார்ம் ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். "அண்ணா, ஒரு மெடிக்கல்ல சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. மாசாமாசம் பணம் போட்டுடறாங்களாம், நாம போகவே வேண்டாமாம். குடுக்கட்டுமா?" வருடத்துக்கு வருடம் ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. எங்கள் செட்டில் பாதிப் பேர் விழுந்த குழி இது. இப்போது வருகிறவர்களும் நேராக அதையே தேடி வந்து விழுகிறார்கள்.

எக்ஸ்பைரி ஆன அட்டையைக் கொடுக்காதே, சீட்டில் எழுத்துப் புரியாவிட்டால் ஊகிக்காதே என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அதைக் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். பதிவு, லைசென்ஸ், சட்டம் என்று தொழிலின் அங்கீகாரம் சம்பந்தப்பட்ட தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அனுபவம் இருந்தால் போதும் என்று நினைப்பது

கவுண்டரில் பல வருடம் நின்ற அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள். சீட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பார்கள். மாத்திரைப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கை ரேக்குக்குப் போயிருக்கும். உண்மையில் பாதிக் கடைகள் ஓடுவது அவர்களால்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. 1948-ம் வருடத்துப் பார்மசி சட்டப்படி, மாநில பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் மருந்தாளுநர். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதென்றால் அவர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் பக்கத்தில் நின்று நேரடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து விதிகளில் 65(2) சொல்வது இதைத்தான்.

அனுபவத்தை மட்டும் வைத்துத் தகுதி வாங்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. லைசென்ஸ் அதிகாரி 'தகுதி உள்ளவர்' என்று ஒப்புக்கொண்டால் போதும். அந்தக் கதவு 1969 டிசம்பர் 31-ல் சாத்தப்பட்டுவிட்டது. "பத்து வருஷம் நின்னா கவுன்சில்ல பதிஞ்சுடுவாங்களாமே" என்று இன்றைக்கும் ஒருவர் கேட்கிறார் என்றால், அவரை யாரோ குறைந்த சம்பளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன் போன்றவர்களுக்கு 2021-ல் தனிச்சட்டம் வந்தது. அதிலும் மருந்துக்கடை உதவியாளருக்கு இடமில்லை. ஆகவே ஒரு வருட 'பார்மசி அசிஸ்டன்ட்' படிப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால், முடித்த பிறகு எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று அங்கேயே கேளுங்கள். பதில் சொல்லாமல் டீ வாங்கித் தருவார்கள்.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி செய்தார்கள். மருந்தாளுநருக்குக் கீழே வேலை பார்க்கும் பார்மசி டெக்னீஷியன்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்து, 2011 ஜூலை 1 முதல் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. 2024 ஜூன் முதல், முன்கூட்டி எழுதி வைத்த வழிகாட்டுதலின்படி சில மருந்துகளைத் தாங்களே கொடுக்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. இங்கேயும் அப்படி ஒரு நிலை வர வேண்டும் என்பது என் கட்சி. சங்கத்தில் இதைச் சொன்னால், "அப்புறம் நமக்கு என்ன வேலை?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

கவுண்டர் அண்ணன்களுக்கு இங்கே சட்டம் விட்டு வைத்திருக்கும் ஒரே வழி மொத்த வியாபாரம். பத்தாவது தேறி மருந்து விற்பனையில் 4 வருட அனுபவம், அல்லது ஒரு டிகிரியும் 1 வருட அனுபவமும் இருந்தால், ஏஜென்சி லைசென்ஸுக்குத் தகுதி உள்ள நபராக உங்கள் பெயரையே போடலாம். அந்த அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கடையின் எந்த நோட்டிலும் பெயரில்லாமல் வேலை பார்த்தவருக்கு அதுவும் போச்சு.

அங்கீகாரம் பார்க்காமல் சேர்வது

கல்லூரி வாசலில் போர்டு இருந்தால் போதாது. பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா, சட்டத்தின் 12-ம் பிரிவின் கீழ் அந்தப் படிப்பையும் தேர்வையும் அங்கீகரித்திருக்க வேண்டும். பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டிய 'எக்ஸிட் எக்ஸாம்' பற்றி 2022-ல் விதிமுறை அறிவித்தார்கள். உங்கள் பேட்ச்சுக்கு அது உண்டா இல்லையா என்று மாநில கவுன்சிலில் கேளுங்கள். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள்.

500 மணி நேரத்தைக் கையெழுத்தாக வாங்குவது

டி.பார்ம் முடித்ததும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் பயிற்சி. தெரிந்த கடையில் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து சீல் வாங்கிவிடுகிறார்கள். பிறகு முதல் வேலையில், இன்சுலின் பிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று தெரியாமல் ஃப்ரீஸருக்குள் வைக்கிறார்கள். உறைந்த இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும்.

சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு விடுவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள். கடை முதலாளிக்கு டி.பார்ம் இல்லை. சில்லறைக் கடைக்கான படிவம் 20, 21 லைசென்ஸ் வேண்டுமென்றால் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் பெயர் வேண்டும். ஏஜென்சிக்காரரோ மருந்துக் கம்பெனி ரெப்போ நடுவில் நின்று உங்களைப் பிடித்துக் கொடுப்பார். ஒரிஜினலைக் கொண்டுபோய்க் காட்டுவீர்கள், முத்திரைத்தாளில் "இந்தக் கடையில் முழுநேரம் வேலை பார்க்கிறேன்" என்று கையெழுத்துப் போடுவீர்கள். கூடவே இன்னொரு தாளும் நீட்டுவார்கள். அது தேதி போடாத ராஜினாமாக் கடிதம். "சும்மா ஃபார்மாலிட்டி தம்பி" என்பார்கள். அதிலும் போடுவீர்கள். அன்றோடு நீங்கள் எப்போது வேலையை விட்டீர்கள் என்பதை முடிவு செய்கிறவர் அவராகிவிட்டார். நாளைக்கு ஒரு வில்லங்கம் வந்தால் "அவர் போன மாசமே போயிட்டார்" என்று தேதி போடுவார். நீங்களாகக் கேட்டால் "ஆள் கிடைக்கற வரைக்கும் பொறுத்துக்கோ" என்று இழுப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். படிப்பு முடித்ததும் ஊர்ப்பக்கம் ஒரு கடைக்குக் கொடுத்தான். கொஞ்ச நாளில் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பார்மசியில் நல்ல வேலை கிடைத்தது. கடையிலிருந்து வாடகை, ஆஸ்பத்திரியிலிருந்து சம்பளம், இரண்டும் ஒரே அக்கவுன்டில். ஜாலியாகத்தான் இருந்தான். ஒருநாள் கடைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வந்தார். மருந்தாளுநர் எங்கே என்று கேட்டார். "சாப்பிடப் போயிருக்கார்" என்றான் கவுண்டரில் இருந்தவன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஷெட்யூல் எச்1 பதிவேட்டைக் கேட்டார்.

இந்தப் பதிவேட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 2014 மார்ச் முதல், சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரைகள் எல்லாம் எச்1 பட்டியலில் இருக்கின்றன. செஃபிக்ஸிம், அல்பிரசோலம் போன்றவை. விற்கும்போது டாக்டர் பெயர், அவர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி, பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இவன் கையெழுத்து. போட்டது கவுண்டர் பையன். ஒரே பேனா, ஒரே சாய்வு, மாதக்கணக்கில் போக வேண்டியதை ஒரே உட்காரலில் போட்டது யார் பார்த்தாலும் தெரியும். அந்தக் கையெழுத்துகளுக்கு எதிரே அதே தேதிகளில், அதே நேரத்தில், ஆஸ்பத்திரி பயோமெட்ரிக்கில் இவன் விரல் ரேகை. "கையெழுத்து என்னோடது இல்லை" என்றால், "முழுநேரம் அங்கே இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்த முத்திரைத்தாள் பொய். "என்னோடதுதான்" என்றால் ஆஸ்பத்திரியில் வாங்கிய சம்பளம் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஆஸ்பத்திரி அவனை அனுப்பிவிட்டது. கடைக்கு என்ன ஆனது? லைசென்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். திறந்தபோது அதே ஆணியில் இன்னொரு பையனின் சர்ட்டிபிகேட் தொங்கியது.

அவன் கடையில் போதை தரும் வலி மாத்திரை எதுவும் சிக்கவில்லை. அந்த மட்டும் தப்பித்தான். டிராமடால் 2018-லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் பெயர் போட்ட கடையில் அதைக் கணக்கில்லாமல் விற்றால், விற்றவனைத் தேடும்போது உங்களையும் தேடுவார்கள். தொழில் ஒழுக்கக்கேடு என்று நிரூபணமானால், பார்மசி சட்டம் 36-ம் பிரிவின் கீழ் பதிவேட்டிலிருந்து பெயரையே எடுத்துவிட முடியும். இரண்டு வருடம் படித்து, வீட்டில் நகையை அடகு வைத்து வாங்கிய ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

வளைகுடா போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. அங்கே லைசென்ஸ் கேட்டால், நீங்கள் காட்டும் அனுபவச் சான்றை அதைக் கொடுத்த இடத்திலேயே நேராக விசாரித்துச் சரிபார்ப்பார்கள். வாடகைக்கு விட்ட கடையின் லெட்டரைக் காட்டினால், அன்றைக்குப் போனை எடுப்பவன் உங்கள் முகத்தையே பார்த்திருக்க மாட்டான்.

இதெல்லாம் கொடுத்தவனுக்கு வரும் நஷ்டம். எனக்குக் கோபம் வருவது கொடுக்காதவனுக்கு வரும் நஷ்டத்தை நினைத்து. ஒழுங்காகக் கடைக்கு வந்து, காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கத் தயாராக இருக்கும் ஒரு பெண் சம்பளம் கேட்கிறாள். முதலாளி சொல்லும் பதிலை நானே காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்: "சர்ட்டிபிகேட்டுக்கே இவ்வளவுதாம்மா தர்றேன். நீ வந்து நிக்கறதுக்கு வேணும்னா ரெண்டாயிரம் சேத்துக்கோ." வீட்டில் படுத்துக்கொண்டு வாங்குகிறவன்தான் இவள் சம்பளத்தையும் நிர்ணயிக்கிறான். கவுண்டரில் நிற்கும் பையனுக்கும் இதனால்தான் விடிவு இல்லை. சுவரில் ஒரு சர்ட்டிபிகேட் தொங்கும் வரை, காகிதத்தில் எல்லா மருந்தையும் கொடுப்பது மருந்தாளுநர். பிறகு அந்தப் பையனுக்கென்று ஒரு படிப்பும் பதிவும் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலாளியைக் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். தகுதியுள்ள ஆள் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது லைசென்ஸில் உள்ள நிபந்தனை. அது முதலாளியின் கடமை, செய்ய மாட்டார். நீங்களே விலகல் கடிதம் எழுதுங்கள். ஒரு பிரதி கடைக்குப் பதிவுத் தபாலில், ஒரு பிரதி மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நேரில். அங்கே சீல் போட்டு வாங்கிய நகலைப் பத்திரமாக வையுங்கள். தேதி போடாத தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

கம்பெனி மாற்றிக் கொடுப்பது

"அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேற." தினமும் நூறு தடவை சொல்லப்படும் வாக்கியம். ஷெட்யூல் எச், எக்ஸ் (டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியல்கள்) மருந்து எழுதிய சீட்டுக்கு, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும், எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க விதி 65(11ஏ) அனுமதிக்கவில்லை. ஏழைக்கு விலை குறைந்த மாற்றைக் கொடுக்கும் உரிமை நமக்கு வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இப்போதைக்கு அது இல்லை. மாற்ற வேண்டுமென்றால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, சீட்டில் அவரிடமே திருத்தி வாங்கி வரச் சொல்லுங்கள். அதிக லாபம் வரும் கம்பெனியைத் தள்ளிவிடச் சொல்லும் முதலாளியிடம் காட்டுவதற்கும் இந்த விதி எண் உதவும்.

கவுண்டரிலேயே டாக்டர் ஆவது

ஆகாதீர்கள்.

கோட் போடாமல் நிற்பது

வெள்ளைக் கோட், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ். 2015 பார்மசி பிராக்டிஸ் விதிமுறையில் இருக்கிறது. வெயில் அடிக்கிறது என்று கழற்றி வைத்தால், கவுண்டரில் யார் மருந்தாளுநர் என்று வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

புதுப்பிக்க மறப்பது

பணம் கட்டாவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். மறுபடி சேர்க்கலாம், ஆனால் நடுவில் நீங்கள் கொடுத்த மருந்தெல்லாம் பதிவில்லாதவர் கொடுத்த மருந்து. வீடு மாறினால் புது முகவரியையும் கவுன்சிலுக்கு எழுதிவிடுங்கள். நோட்டீஸெல்லாம் பழைய வீட்டுக்குத்தான் போகும்.