வால்பாறை பக்கம் மழைக்காட்டுச் சோலையை திரும்ப வளர்க்கணுமா, முதல்ல கன்னு வாங்காதீங்க

ஜூன் பொறந்தா போதும், ஆளாளுக்கு கன்னை தூக்கிட்டு வந்து நட்டு, போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, தீபாவளிக்கு போய் பார்த்தா கன்னு இருந்த இடத்துல லன்டானாங்கற உண்ணிச்செடிதான் தலைக்கு மேல நிக்குது. மலக்கப்பாறை ரோட்டோரம் எத்தனை தடவை பார்த்தாச்சு.

அதனால மொதல்ல இடத்தை நல்லா நடந்து பாருங்க. அந்த உண்ணிப்புதருக்கு அடியிலயே மரநாயும் பறவையும் போட்ட விதையில நாவலோ ஆயினியோ விரல் உசரத்துக்கு முளைச்சிருக்கும், அதுக்கெல்லாம் பக்கத்துல குச்சி நட்டு ரிப்பன் கட்டிடுங்க, இல்லன்னா களை எடுக்கறவங்க அதையும் சேர்த்து வெட்டிடுவாங்க. உண்ணியை மேலாக வெட்டினா நாலு மடங்கா துளிர்க்கும், மண்ணுக்கு கொஞ்சம் கீழ வேரை வெட்டி தலைகீழா கவுத்து போடணும். தானா பரவின ரொபஸ்டா காப்பி நாத்தையும் விடாதீங்க, அதுவும் சோலைக்குள்ள களைதான்.

விதை விஷயத்துல நான் பட்டதை சொல்றேன். வெள்ளைக்குங்கிலியம் கொட்டை ஒரு பை நிறைய பொறுக்கிட்டு வந்து, வேப்பங்கொட்டை மாதிரி தகரக்கூரை மேல நாலு நாள் காய வெச்சேன், ஒண்ணு கூட முளைக்கலை. மழைக்காட்டு மரங்கள்ல பல விதை காஞ்சாலே செத்துடும், சதையை கழுவிட்டு ஈரம் போறதுக்குள்ள மண் நிரப்பின நாத்து பாக்கெட்ல போட்டு நிழல்ல வெச்சிடணும். ரிசர்வ் காட்டுக்குள்ள போய் பொறுக்காதீங்க, ரோட்டுல விழுந்து டயர்ல நசுங்கறதே ஏராளம்.

பாக்கெட்ல ஒண்ணு ரெண்டு வருசம் வளர்ந்து முழங்கால் உசரம் தாண்டினதும், தென்மேற்கு மழை நல்லா பிடிச்ச அப்புறம் நடுங்க. வெட்டவெளியில வட்டக்கண்ணி மாதிரி வெயில் தாங்குறதை முதல்ல வைங்க, வெடிப்பலா, பாலி, காட்டு ஜாதிக்காய் எல்லாம் நிழல்லதான் நல்லா வரும். சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலாதான் முக்கியமான சாப்பாடு, வால்பாறை பக்கத்துல புதுத்தோட்டம் எஸ்டேட்ல ரோட்டை தாண்ட அதுங்களுக்கு மேல பாலம் கட்டி விட்டிருக்காங்க, ரெண்டு பக்க கிளையும் ஒண்ணா சேர்ந்துட்டா பாலமே வேண்டாம். இருவாச்சிக்கு ஜாதிக்காயும் அத்தியும் வேணும்.

யூகலிப்டஸ் வேண்டாம், அதை தேயிலை ஃபாக்டரி விறகுக்கு வெட்டி எரிச்சா உள்ள பிடிச்ச கார்பன் அத்தனையும் திரும்ப ஆகாசத்துக்குத்தான் போகும். எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கற லயன் வீடுங்களுக்கு பக்கத்துல பலாவும் வேண்டாம், ராத்திரி யானை கதவு வரைக்கும் வரும். ஓடைக்கரையில சோலை மரம் வைங்க, யானை பகல்ல அங்க ஒதுங்கி நின்னா தேயிலை பறிக்கறவங்களுக்கும் நிம்மதி.

பணத்தை கன்னுக்கு கொட்டாம களைக்கு எடுத்து வைங்க, ரெண்டு மூணு வருசம் விடாம எடுக்கணும். அந்த கூலி லயன்ல இருக்கற அக்காங்களுக்கு போகட்டும், செடி அடையாளம் அவங்களுக்கு தெரியற அளவு நமக்கு தெரியாது.

செத்த கன்னுக்கு பதிலா அடுத்த ஜூன்ல வைங்க, ஆனா ஏன் செத்துச்சுன்னு பார்த்துட்டு வைங்க. நான் தண்ணி பத்தலையோன்னு நெனச்சு ஒரு கோடை முழுக்க குடம் சுமந்தேன், கடைசியில பார்த்தா ராத்திரி ராத்திரி மிளா மான் வந்து கொழுந்தை கடிச்சிட்டு போயிட்டு இருந்திருக்கு.