குண்டாக இருப்பவர் தாங்குவார் என்று நினைத்தேன்

புதிதாகச் சேர்ந்த டயட்டீஷியன் ஒருவர் புற்றுநோயாளியைப் பற்றி எழுதிய குறிப்பைப் போன வாரம் படித்தேன். ‘நல்ல உடல்வாகு. எடைக் குறைவு கவலைக்குரியதல்ல.’ நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய அதே வரி, கையெழுத்துதான் வேறு. உயரத்தைத் தப்பாகக் குறிப்பது, கலோரிக் கணக்கில் கோட்டை விடுவது எல்லாம் தானாகத் திருந்திவிடும். இது திருந்துவதில்லை.

குண்டானவரின் எடையைக் கண்டுகொள்ளாமல் விடுவது

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்க வந்தவர் அவர். முதல் நாள் 96 கிலோ. மூன்றாவது வாரக் கடைசியில் 90. “எத்தனை வருஷமா குறைக்கப் பார்த்தேன், இப்பதான் சார் குறையுது” என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தாலே அது எச்சரிக்கை மணி. இவர் மூன்றே வாரத்தில் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தார். பட்டினி கிடந்து எடை குறைப்பது வேறு, இது வேறு. நோயினால் வரும் அழற்சி தசையையும் சேர்த்துக் கரைக்கும். மேலே கொழுப்பு மூடியிருப்பதால் வெளியே தெரியாது, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ பார்த்தாலும் தெரியாது. தசை குறைந்தவருக்குக் கீமோவின் பக்கவிளைவுகளும் கடுமையாக வரும்.

ஐந்தாவது வாரம் அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உணவு செலுத்தக் குழாய் வைக்கலாமா என்ற பேச்சே அன்றுதான் ஆரம்பித்தது. அதற்குள் உடம்பு வற்றிப்போய் சிகிச்சை சில நாள் நின்றது. இந்த வகைப் புற்றுநோயில் கதிர்வீச்சு நடுவில் நின்றால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பெருகும். அந்த நாட்களை எந்தச் சத்துமாவும் திருப்பித் தராது.

அதனால் முதல் நாளே ஆறு மாதத்துக்கு முந்தைய எடையைக் கேட்டு எழுதுங்கள். கிலோவைப் பார்க்காமல் சதவீதத்தைப் பாருங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா என்று கேளுங்கள். வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் தராசு பொய் சொல்லும், அதையும் பாருங்கள். பொதுவாக நாளொன்றுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 கிலோ கலோரி, புரதம் 1 முதல் 1.5 கிராம். சாப்பாடு ஒரு வாரத்துக்கு மேல் பாதியளவிலேயே ஓடினால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். குழாய் பற்றிய பேச்சைத் தொண்டை நன்றாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். கேட்டதும் முகம் சுருங்கும். பரவாயில்லை.

“நல்லா சாப்பிடுங்க”

இது அறிவுரையே இல்லை. வீட்டில் சண்டைக்குத்தான் வழி. வாய் கசக்கிறதா, புண்ணா, குமட்டலா, மலச்சிக்கலா என்று காரணத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம், கீமோ அன்று பிடித்தமான சாப்பாட்டைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். குமட்டலோடு அது மனதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதன் வாசனையே ஆகாது.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று எல்லாவற்றையும் நிறுத்துவது

உள்ளே போகிற கொஞ்சத்தையும் பிடுங்காதீர்கள். நீரிழிவு இருந்தால் அது தனிக் கணக்கு.

மாத்திரை, லேகியம், பொடி

இப்படி ஏதாவது தானாக எடுத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு

அக்கறையில் செய்கிற தவறு, ஆனால் ஆளையே கொன்றுவிடக்கூடியது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சரியும், இதயத் துடிப்பு தடுமாறும். முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் வேண்டாம். தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் குழாயைத் திறங்கள்.